கொடியா, கரடியா?

தோழா!

பல்லாயிரவர் கூடிய திடலிலே ஒலிபெருக்கி பழுதுற்ற நேரத்திலும் பேசி நின்றிருக்கிறேன். நள்ளிரவு கடந்து மழை கொட்டிய வேளையிலும் கூட்டத்தைக் கலையவிடாமல் கட்டிக் காத்திருக்கிறேன். கொட்டகையின் கடைசி வரிசையிலே அமர்ந்திருப்பவன் துண்டெடுத்துக் கண்ணைத் துடைக்கும் வண்ணம் நாடக வசனம் தீட்டியிருக்கிறேன். மாற்றுக் கட்சி நண்பர்கள் தொடுத்த வினாக்கணைகளை, வந்த வழியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். தற்பெருமை என்று தள்ளிவிடாதே! தோல்வியைச் சொல்ல வந்தவன், தோற்றவன் யார் என்பதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்?

ஆம், தோற்றேன்! ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றிலே, பாயிலே சம்மணமிட்டு அமர்ந்திருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் தோற்றேன். அதுவும் இரண்டே எழுத்துக் கொண்ட ஒரு சொல்லிலே!

அந்தத் தோல்வியின் கதையை உன்னிடம் மறைக்காமல் சொல்லப் போகிறேன். கதைக்குப் பின்னே ஒரு கேள்வி இருக்கிறது. கேள்விக்குப் பின்னே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. சூழ்ச்சியை முறியடிக்கும் வேலை உனக்கும் எனக்கும் இருக்கிறது. ஆகவே, ஞாயிற்றுக்கிழமைதானே என்று ஏட்டை மடித்து வைத்துவிடாமல் இறுதிவரை படி.

கிராமசபைக் கூட்டமொன்றிலே, பள்ளியைப் பற்றிய பேச்சு வந்தது. வழக்கம்போல் எழுந்தேன், வழக்கம்போல் முழங்கினேன். "கல்வியே விடுதலையின் திறவுகோல்" என்றேன். கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கிய பின், பின்வரிசையிலிருந்து தலைமையாசிரியை மெல்ல எழுந்தார். "அய்யா நன்றாகப் பேசினார்கள். வாரத்தில் ஒருநாள் காலை, எங்கள் பள்ளிக்கு வந்து பிள்ளைகள் படிப்பதைக் கேட்க முடியுமா? பேச வேண்டாம். கேட்டால் போதும்" என்றார்.

பேச வேண்டாமாம்! பேச்சையே பிழைப்பாகக் கொண்டவனிடம் கேட்கிற உதவியா இது? ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, மறுக்க வழியில்லை. ஒப்புக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்குப் போனேன். கல்லூரிப் படிக்கட்டை இரண்டாம் ஆண்டிலேயே இறங்கி வந்தவன் நான். அதன்பின் மாணவனாகவோ ஆசிரியனாகவோ எந்த வகுப்பறை வாசலையும் மிதித்ததில்லை. ஆண்டுவிழாத் தலைமைக்குப் போனதுண்டு, பரிசளிப்புக்குப் போனதுண்டு. ஆனால் மாலையில்லாமல், மேடையில்லாமல், வரவேற்புரையில்லாமல் ஒரு பள்ளிக்குள் நுழைந்தது அன்றுதான் முதன்முறை.

பள்ளியின் கணக்கைச் சொல்கிறேன், கேள். பிள்ளைகள் 41 பேர். வகுப்புகள் 5. ஆசிரியர்கள் எத்தனை பேர்? இருவர்! தலைமையாசிரியை ஒருவர், உதவியாசிரியை ஒருவர். இது ஏதோ அந்த ஊருக்கு மட்டும் நேர்ந்த அவலம் என்று எண்ணிவிடாதே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துப் பார். 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியர்கள் இருவர் என்றுதான் அதன் அட்டவணை சொல்கிறது. ஆக, அந்தப் பள்ளியில் சட்டப்படி குறை எதுவும் இல்லை! முதல் மூன்று வகுப்புகளின் பிள்ளைகள் 24 பேரும் ஓர் அறையில், ஓர் ஆசிரியையிடம். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 17 பேரும் மற்றோர் அறையில், தலைமையாசிரியையிடம். இவருக்குப் பதிவேடுகள், கைப்பேசிச் செயலியிலே ஏற்ற வேண்டிய விவரங்கள், வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டங்கள் எல்லாம் தனி.

நான் போன நேரத்தில் காலையுணவு முடிந்து பிள்ளைகள் கை கழுவிக்கொண்டிருந்தனர். "சாரு யாரு?" என்று ஒருவன் கேட்க, "போட்டோ எடுக்க வந்திருக்காரு" என்று மற்றொருவன் பதில் சொன்னான். தோழா, அந்தப் பதில் சுருக்கென்று தைத்தது. புதிதாக வருகிறவன் படமெடுக்கத்தான் வருவான் என்பது, அந்தப் பிள்ளைகள் தம் சிறு வாழ்விலே கற்றுக்கொண்ட பாடம்! அந்தப் பாடத்தை நடத்தியவர்கள் யார்? அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரை ஒரு மூலையிலே என்னிடம் ஒப்படைத்தார் ஆசிரியை. கதைப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். எழுந்து நின்றேன். மேடையிலே வாசிப்பதுபோல், ஏற்ற இறக்கத்தோடு, ஏறுநடை போட்டு வாசித்தேன். அரைப் பக்கம் முடிவதற்குள் ஒரு பையன் கேட்டான்:

"சார், யாரைத் திட்டுறீங்க?"

சிரிப்பாய் இருக்கிறதா? எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. இருபது ஆண்டுகளாக நாம் மேடையிலே பழகிய குரல், ஒரு குழந்தையின் செவிக்கு எப்படிக் கேட்கிறது என்பதை அந்த ஒரே கேள்வியில் உணர்ந்தேன். உட்கார்ந்தேன். பாயிலே, அவர்கள் கண்மட்டத்திலே.

கதையை விட்டுவிட்டு, எழுத்துக்குப் போனேன். சுவரின் அடிப்பகுதியிலே பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்பக் கரும்பலகை இருந்தது. எனக்கு மிக உகந்த சொல்லொன்றை, இரண்டே எழுத்துத்தானே என்ற துணிச்சலோடு, பெரிதாக எழுதினேன்: கொடி.

பச்சை ரிப்பன் கட்டிய சிறுமியைப் படிக்கச் சொன்னேன். அவள் விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினாள். "கெ... ர... டி" என்றாள். சற்றே நின்றாள். முகம் மலர்ந்தது. "கரடி!" என்றாள்.

எட்டுப் பேரும் கொல்லென்று சிரித்தனர். அவள் தலை கவிழ்ந்தது. நான் திருத்தினேன். "கொடி, அம்மா, கொடி!" என்றேன். மீண்டும் விரலை வைத்தாள், மீண்டும் "கெ... ர... டி" என்றாள். "கொ" என்று உரக்கச் சொன்னேன். "கொ" என்று அவளும் சொன்னாள். பலகையைப் பார்த்ததும் மறுபடி "கெரடி" ஆயிற்று. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் கரடிதான் வந்தது! கண்ணிலே நீர் முட்டிற்று, அவளுக்கு. நெற்றியிலே வேர்வை முட்டிற்று, எனக்கு.

தோழா, அவள் செய்தது பிழையா? பொறுமையாக எண்ணிப் பார். "கொ" என்ற எழுத்திலே முதலில் கண்ணில் படுவது கொம்பு. அடுத்து "க". இரண்டும் சேர்ந்தால் "கெ" என்று அவளுக்குக் கற்பித்திருக்கிறோம். அதன்பின் நிற்பது கால். அது "ர" என்ற எழுத்தைப் போலவே தோன்றுகிறது. ஆக "கெர" என்று அவள் படித்தது அறிவின்மையால் அன்று. கற்றதையெல்லாம் ஒழுங்காகக் கையாண்டதால்! கொம்பு முன்னால் நின்றாலும், "க" என்ற ஒலியே முதலில் பிறக்க வேண்டும். கொம்பும் காலும் இருபுறம் நின்றாலும், அவை இரண்டும் சேர்ந்து ஒரே "ஒ" ஆக வேண்டும். முப்பது ஆண்டுகளாகத் தமிழ் படிக்கிற எனக்கு இது மறந்தே போயிற்று. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று மேடையிலே மார்தட்டுகிறோமே, அந்த 247-இல் ஒவ்வொன்றும் ஒரு குழந்தை ஏறிக் கடக்க வேண்டிய படி என்பதை என்றேனும் எண்ணினோமா?

எண்ணியவர்கள் இருந்தார்கள். எகரத்தையும் ஏகாரத்தையும் வரிவடிவிலே பிரித்துக் காட்டிய பெருமை வீரமாமுனிவருக்கு உரியது என்பர். தந்தை பெரியார் 1935-இல் தம் 'குடி அரசு' ஏட்டிலே சீர்திருத்த எழுத்துகளைப் புகுத்தினார். 1978-இல் அவற்றுட் சில அரசின் ஆணையாயின. எழுத்தைச் சீர்திருத்துவது புலவர்களின் பொழுதுபோக்கன்று. பிஞ்சுக் கண்களின் சுமையைக் குறைக்கும் பணி என்பதை, அந்தச் சிறுமியின் நடுங்கிய விரலைப் பார்த்த பிறகுதான் நான் முழுதாக உணர்ந்தேன்.

என் திண்டாட்டத்தை ஆசிரியை கவனித்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அட்டைகளைக் கொடுத்துவிட்டு, மூன்றாம் வகுப்புக்கு ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு, எங்கள் மூலைக்கு வந்தார். என்ன செய்தார் என்று நினைக்கிறாய்? விரிவுரை ஆற்றவில்லை. அந்தச் சிறுமியின் தோளைத் தொட்டு, ஒரு கேள்வி கேட்டார்:

"கரடிக்குக் கொம்பு உண்டா?"

"இல்லை டீச்சர்!" என்று எட்டுக் குரல்.

"இங்கே கொம்பு இருக்கிறதே?"

சிறுமி பலகையைப் பார்த்தாள். "அப்போ இது கரடி இல்லை" என்றாள்.

அவ்வளவுதான்! அழுகை போயிற்று, ஆர்வம் வந்தது. பிறகு அவளையே எழுப்பி நிறுத்தி, "நீதான் க" என்றார். ஒரு பையனை அவளுக்கு முன்னே நிறுத்தி, "நீ கொம்பு" என்றார். மற்றொருவனைப் பின்னே நிறுத்தி, "நீ கால்" என்றார். "கொம்பு மட்டும் வந்தால்?" "கெ!" "கால் மட்டும் வந்தால்?" "கா!" "இரண்டு பேரும் சேர்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டால்?" சிறுமி இருபுறமும் திரும்பிப் பார்த்தாள். "கொ!" என்றாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை.

தோழா, அதைத்தான் தொழில் என்பது! அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னே இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சி இருக்கிறது. தகுதித் தேர்வு இருக்கிறது. நூற்றுக்கணக்கான குழந்தைகளின் பிழைகளைப் பார்த்துப் பழகிய கண் இருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையைப் பிரித்தறிந்து கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' முறை 2022 முதல் நம் பள்ளிகளிலே நடக்கிறது. எந்தப் பிள்ளை அரும்பு, எது மொட்டு, எது மலர் என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். நான் நல்லெண்ணத்தோடு வந்தவன், அவர் தொழிலறிந்தவர். நல்லெண்ணம் கரடியோடு நின்றுவிட்டது. தொழிலறிவுதான் கொடி வரை கொண்டு சேர்த்தது.

இனி, சூழ்ச்சி என்றேனே, அதற்கு வருகிறேன்.

மூன்றாம் வாரம். தலைமையாசிரியை அலுவலகக் கூட்டத்துக்குப் போய்விட்டார். பிள்ளைகள் 41 பேரும் ஒற்றை ஆசிரியையின் பொறுப்பிலே. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சத்தமிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வாய்த்தது. பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான், கற்பித்தேன் என்று சொல்ல என் மனச்சான்று இடந்தராது. அவ்வழியே வந்த ஓர் அன்பர் சன்னலருகே நின்று, நாற்பது பேரையும் எண்ணி, என்னையும் எண்ணி, மகிழ்ந்து சொன்னார்: "நல்லதாய்ப் போயிற்று! உம்மைப் போல நாலு பேர் வந்தால், இன்னோர் ஆசிரியரைக் கேட்டு ஏன் மனுப் போட வேண்டும்?"

அன்பர் நல்லவர். ஆனால் அந்தச் சொல் நஞ்சு! என் உதவியே, அந்தப் பிள்ளைகளுக்கு வரவேண்டிய ஆசிரியரைத் தடுக்கும் சுவராகிவிடுமானால், நான் செய்வது தொண்டா, துரோகமா?

சன்னலிலே நின்ற அன்பர் தனி மனிதர். அவர் சொன்னதை நயமான நடையிலே எழுதிவைத்திருக்கிறார்கள் பெரிய இடங்களிலே. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைப் படித்துப் பார். எழுத்தறிந்த ஒவ்வொருவரும் ஒருவருக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்க முன்வந்தால் நாட்டின் தோற்றமே மாறிவிடும் என்ற கருத்து அதிலே இருக்கிறது. கேட்க இனிக்கிறது. காலியான ஆசிரியர் இடங்களைக் காலவரையறைக்குள் நிரப்ப வேண்டும் என்றும் அதே ஏடு சொல்கிறது. இல்லையென்று நான் மறைக்கவில்லை. ஆனால் நான் கேட்பது இது: செலவுள்ள அறிவுரை ஒன்று, செலவில்லாத அறிவுரை ஒன்று, இரண்டும் ஒரே ஏட்டிலே இருந்தால், கருவூலத்தின் சாவியை வைத்திருப்பவர் எதை முதலில் நிறைவேற்றுவார்? பள்ளிக் கல்விக்கென 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குச் சேரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, ஒப்பந்தமொன்றிலே கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததும், வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனதும் நீ அறிந்ததே. ஒரு கையால் பையை இறுக்கி, மறு கையால் தொண்டரை அழைப்பவரின் அன்பை எப்படி நம்புவது?

"மருத்துவமனையிலே மருத்துவர் இல்லை, மனமுள்ளவர்கள் வந்து அறுவை செய்யுங்கள்" என்று எவரேனும் அழைப்பார்களா? "நீதிமன்றத்திலே நீதிபதி இல்லை, நாலெழுத்துத் தெரிந்தவர் வந்து தீர்ப்புச் சொல்லுங்கள்" என்பார்களா? தொடக்கப்பள்ளிக்கு மட்டும் யார் வந்தாலும் போதும் என்று ஏன் தோன்றுகிறது? சின்னப் பிள்ளைகள் என்பதாலா? இல்லை, தோழா! அங்கே அமர்ந்திருப்பவர்கள் ஏழைப் பிள்ளைகள் என்பதால்! உயர்ந்த கட்டணம் வாங்கும் பள்ளிக்குப் போய், "உங்கள் இரண்டாம் வகுப்புக்கு ஆசிரியர் வேண்டாம், நாடக ஆசிரியர் ஒருவர் செவ்வாய்தோறும் வருவார்" என்று சொல்லிப் பார். மறுநாளே பெற்றோர் வாசலிலே திரண்டுவிடுவார்கள்!

ஏழைக்கு அரைகுறை போதும் என்ற நினைப்பு இன்று முளைத்ததன்று. 1953-இல் இந்த மண்ணிலே ஒரு திட்டம் வந்தது. தொடக்கப்பள்ளியிலே நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான் படிப்பு. எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றார் ராஜாஜி. இருக்கிற கட்டடத்தில், இருக்கிற ஆசிரியரைக் கொண்டே, காலையிலே ஒரு கூட்டம், பிற்பகலிலே ஒரு கூட்டம் என்று இரட்டிப்புப் பிள்ளைகளுக்குப் படிப்புத் தரலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட சிக்கனக் கணக்கு. குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதைக் கொதித்தெழுந்து எதிர்த்தது; 1954-இல் காமராசர் அமைச்சரவை அதைக் கைவிட்டது. அன்று நேரத்தைப் பாதியாக்க வந்தார்கள். இன்று ஆசிரியரைப் பாதியாக்கி, மீதிப் பாதிக்குத் தொண்டரை வைக்கலாம் என்கிறார்கள். கணக்கு ஒன்றுதான், கையெழுத்துத்தான் வேறு!

அதே வரலாற்றிலே, தொண்டு எப்படி வளர வேண்டும் என்பதற்கும் வழிகாட்டி இருக்கிறது. 1920-இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பொறுப்பிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியிலே, பிள்ளை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேற்போகாமல் சிற்றுண்டி வழங்க முடிவெடுத்தது. 1956-இல் காமராசர் காலத்து மதிய உணவு, ஊரார் மனமுவந்து அளித்த கொடையிலே தொடங்கிப் பின் அரசின் பொறுப்பாயிற்று. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலே சத்துணவாய் விரிந்தது. 1989-இல் கலைஞர் ஆட்சியிலே முட்டை சேர்ந்தது. 2022-இல் காலையுணவும் வந்தது. ஆட்சிகள் மாறின, அடுப்பு அணையவில்லை! ஏன்? ஒரு பிடி அரிசியாகத் தொடங்கிய அறம், எவரும் பறிக்க முடியாத உரிமையாக வளர்ந்துவிட்டதால். இன்று எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், "இனி ஊரார் சோறு போடட்டும்" என்று சொல்லத் துணியுமா?

இதுதான் உரைகல், தோழா. தொண்டு உரிமையாக வளர வேண்டும். உரிமை தொண்டாகத் தேயக் கூடாது! உணவிலே முன்னது நடந்தது. ஆசிரியரிலே பின்னது நடந்துவிடக் கூடாது.

"அப்படியானால் பள்ளிக்குப் போகாமலே இருந்துவிடலாமே?" என்று கேட்கிறாயா? போகாதே என்றா சொன்னேன்? போ! கட்டாயம் போ! எதற்குப் போகிறாய் என்பதை அறிந்து போ!

கொரோனாவால் 2020 மார்ச்சிலே மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு 2021 நவம்பரிலேதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பிலே சேர்ந்த பிள்ளை, பள்ளியைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட காலம் அது. அப்போது 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கிற்று. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையிலே, மாலை வேளையில், திண்ணையிலும் மரத்தடியிலும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் பாடம் சொன்னார்கள். அவர்களிலே மிகப் பெரும்பாலோர் பெண்கள். வீடு பற்றி எரியும்போது குடம் எடுத்து ஓடி வந்தவர்கள் அவர்கள். வணங்குகிறேன். ஆனால் குடமெடுத்து ஓடிவந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகத் தீயணைப்பு நிலையத்தை மூடுவாரா, அறிவுடையோர்?

ஆசிரியரால் செய்ய முடியாத ஒன்று உன்னால் முடியும். கணக்குப் போடு. 24 பிள்ளைகள். ஒவ்வொருவரும் நாள்தோறும் பத்து நிமிடம் உரக்கப் படிக்க, ஒருவர் பக்கத்திலிருந்து கேட்க வேண்டுமென்றால், 240 நிமிடம். நான்கு மணி நேரம்! மூன்று வகுப்பை ஒன்றாக நடத்தும் ஒருவரால் அது எப்படி இயலும்? அந்தப் பத்து நிமிடத்தைத்தான் தலைமையாசிரியை என்னிடம் கேட்டார். பேசாதே, கேள் என்றார். வீட்டிலே படிப்பறிந்தவர் இருக்கும் பிள்ளைக்கு, அந்தப் பத்து நிமிடம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கிடைத்துவிடுகிறது. அடுத்த வேளைக் கூலிக்கு அலையும் தாயின் பிள்ளைக்கு யார் தருவது? நீ தா! அது ஆசிரியரின் வேலையன்று. ஆசிரியரின் வேலைக்குத் துணை.

இரண்டாவது வேலை, சாட்சியாய் இருப்பது. உள்ளே போய் உட்கார்ந்தவனுக்குத்தான் எந்தக் குழாயிலே நீர் வரவில்லை, எந்த நாளில் ஓராசிரியர் மட்டும் இருந்தார் என்பது தெரியும். பார்த்ததைக் குறித்து வை. பள்ளி மேலாண்மைக் குழுவிலே நால்வரில் மூவர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம், அவர்களோடு உட்கார். ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அங்கே எழுந்து நில். ஆசிரியர் இடங்களிலே பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கலாகாது என்று சட்டமே சொல்கிறது. எத்தனை காலி என்று கேள். அறுபது பிள்ளைக்கு இரண்டு ஆசிரியர் என்ற அட்டவணை கீழ் எல்லைதானே தவிர மேல் எல்லையன்று. "வகுப்புக்கு ஓர் ஆசிரியர்" என்று கேள்! மத்தியிலே யார் இருந்தாலும் கேள். மாநிலத்திலே யார் இருந்தாலும் கேள். நம்மவரே நாற்காலியில் இருந்தாலும், இன்னும் உரக்கக் கேள்!

இனி, "போட்டோ எடுக்க வந்திருக்காரு" என்றானே ஒரு சிறுவன், அந்தக் கடனையும் தீர்த்துவிடுகிறேன். அவனுக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்தவர்களிலே நாமும் இருக்கிறோம், தோழா! தலைவர் பிறந்தநாளுக்கு நாற்பது குறிப்பேடு. குறிப்பேட்டின் அட்டையிலே நம் படம். வெயிலிலே பிள்ளைகள் வரிசை. ஒரு குறிப்பேட்டை ஏழு பேர் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒளிப்படம். முடிந்தது கல்வித் தொண்டு! அந்தக் குறிப்பேட்டிலே அந்தப் பிள்ளை என்ன எழுதினான் என்று பார்க்க என்றேனும் திரும்பிப் போனோமா?

இன்னொன்றும் சொல்கிறேன், சொல்ல நாக் கூசுகிறது. ஒருநாள் பள்ளி வாசலிலே, பிள்ளையை விட வந்த தாய் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "உங்க பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துலங்க படிக்குது?" குத்தலாகக் கேட்கவில்லை, அன்பாகத்தான் கேட்டாள். நான் கட்டணம் கட்டும் பள்ளியின் பெயரைச் சொன்னேன். "நல்ல பள்ளிக்கூடமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இருபது ஆண்டு மேடையிலே நான் வாங்கிய கைதட்டல் முழுவதையும் அந்த இரண்டு சொல் திரும்ப எடுத்துக்கொண்டு போயிற்று! வீட்டிலே பேசிக்கொண்டிருக்கிறோம், நானும் என் துணைவியும். முடிவு எதுவாயினும், அந்தத் தாய்க்கு விடை சொல்ல வேண்டிய கடன் என் தலைமேல் இருக்கிறது. அதே கேள்வியை உன் வீட்டு வாசலிலும் நிறுத்திவிட்டுப் போகிறேன், வருத்தப்படாதே.

ஆகவே தோழா, போகும்போது சிலவற்றை நினைவில் வை. தலைமையாசிரியரின் இசைவு பெற்றுப் போ. கரைவேட்டியைக் களைந்துவிட்டுப் போ. படக்கருவி வேண்டாம். பேச்சைக் குறை. தரையிலே உட்கார். ஆசிரியர் பார்வைக்கு அப்பால் எந்தப் பிள்ளையையும் தனியே அழைத்துப் போகாதே. பிள்ளை பிழையாகப் படித்தால் சிரிக்காதே. ஏன் அப்படிப் படித்தது என்று எண்ணு. ஒரு வாரம் போய் மறு வாரம் நின்றுவிடாதே. "வருவேன்" என்று சொன்னவர் வராமற்போனதை அந்தப் பிள்ளைகள் போதுமான அளவு பார்த்துவிட்டார்கள். கட்சியின் கொடியைப் பள்ளி வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு, "கொடி" என்ற சொல்லை மட்டும் உள்ளே எடுத்துச் செல்!

ஆறாம் வாரம், பச்சை ரிப்பன் சிறுமி என் அருகே வந்து உட்கார்ந்தாள். தானே பலகையிலே எழுதினாள்: முன்னே கொம்பு, நடுவே "க", பின்னே கால், அப்புறம் "டி". "கொடி" என்று படித்தாள். என் நெஞ்சு நிமிர்ந்தது. "கொடி என்றால் என்ன?" என்று ஆவலோடு கேட்டேன்.

"அவரைக்கொடி!" என்றான் பக்கத்திலிருந்தவன். "ஆகஸ்டு பதினைந்துக்கு ஏத்துறது!" என்றாள் மற்றொருத்தி. பச்சை ரிப்பன் சிறுமி சற்றே யோசித்துச் சொன்னாள்: "எங்க அம்மா துணி காயப்போடுற கொடி, சார்."

நான் ஊர் ஊராய் ஏற்றிய கொடி எவர் நினைவுக்கும் வரவில்லை! வராதது நன்று. அந்தத் தாயின் துணி காயும் கொடி, அவள் மகள் கையால் எழுத்தானதே, அதற்காகத்தானே நம் கொடி என்றைக்கோ ஏறிற்று?

வரும் செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு நான் அங்கே இருப்பேன். உன் ஊரிலும் ஒரு பள்ளி இருக்கிறது. அங்கும் ஒரு பாய் விரித்திருக்கிறது. போ, உட்கார், கேள். வெளியே வந்ததும், வரவேண்டிய ஆசிரியர் வந்து சேரும்வரை ஊரைக் கூட்டிக் கேட்டுக்கொண்டே இரு!